உப்பை அறியும் ஓரறிவு

தாவரத்துக்கு அறிவு உண்டா என்ற கேள்வியைத் தமிழ் இலக்கண மரபு வெகு காலத்துக்கு முன்பே எடுத்து, ஒரு விடையும் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு படிகளாக அடுக்குகிறது. புல்லும் மரமும் முதல் படியில் நிற்கின்றன. அவற்றுக்கு உள்ள ஒரே அறிவு உற்றறிவு, அதாவது உடம்பின்மேல் படுவதை அறிவது. சுவைத்தும் முகர்ந்தும் கண்டும் கேட்டும் அறிவதெல்லாம் மேற்படிகளுக்கு உரியவை. இந்த விடையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், தாவரத்தை ஓயாமல் தொடுகிற ஒரு பொருள் வேண்டும். அதற்குத் தாவரம் காட்டும் எதிர்வினை அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கடற்கரையில் அப்படி ஒரு பொருள் உப்பு.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த ஊர் புதுமடம். இந்தப் பகுதி மீனவர் பேச்சில் இது ஆண் கடல் பக்கம். வடக்கே கிடக்கும் பாக் விரிகுடா பெண் கடல். இந்தக் கரையின் மணல்மேடுகளில் அடும்பும் இராவணன் மீசையும் பற்றிப் படர்கின்றன. தாழ்ந்த உவர் நிலத்தில் உமரி முளைக்கிறது. அலைக்குள்ளேயே கடற்புல் வாழ்கிறது. உள்ளே தள்ளிப் போனால் பனையும் சீமைக்கருவேலமும், மழையை நம்பி விதைத்த நெல்லும் முண்டு மிளகாயும். உமரியைத் தொடும் உப்பும் நெல்லைத் தொடும் உப்பும் ஒன்றுதான். ஒன்று அதில் தழைக்கிறது, மற்றது கருகுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது உயிர்வேதியியல் கேள்வி. அந்த வேறுபாட்டை அறிவு என்று சொல்லலாமா என்பது மெய்யியல் கேள்வி. முதலாவதை ஓரளவேனும் முழுமையாகப் பார்க்காமல் இரண்டாவதற்கு விடை தேடுவதில் பயனில்லை.

மெய்யியலாளர்கள் இதில் ஒத்துப்போனதில்லை. அரிஸ்டாட்டில் தாவரத்துக்கு ஆன்மா உண்டு என்று ஒப்புக்கொண்டார்; ஆனால் உணவு கொள்வது, வளர்வது, இனம் பெருக்குவது என்பதோடு அந்த ஆன்மாவின் வேலையை முடித்துவிட்டார். தொடுவுணர்வு அவரைப் பொறுத்தவரை விலங்கில்தான் தொடங்குகிறது. 1037இல் மறைந்த இப்னு சீனா இதே அடுக்கை விரித்து, தாவர ஆன்மா, விலங்கு ஆன்மா, பகுத்தறியும் ஆன்மா என்று இஸ்லாமிய மெய்யியலில் நிலைபெறச் செய்தார். அங்கும் உணர்தலும் விரும்பி நகர்தலும் இரண்டாம் படிக்கே உரியவை. தொல்காப்பியம் புல்லுக்குக் கொடுத்த ஒரே அறிவை இந்த மரபு மறுத்தது என்று சொல்ல வேண்டும். சமணம் தொல்காப்பியத்தின் பக்கம் நிற்கிறது; தாவரம் தொடுபுலன் மட்டும் உடைய ஓரறிவுயிர் என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. மனு நூல் இன்னும் ஒரு படி மேலே போய், மரஞ்செடிகளுக்கு உள்ளுணர்வும் இன்பதுன்பமும் உண்டு என்கிறது. பௌத்தம் தாவரத்தை உணர்வுள்ள உயிர்களின் வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும் பிக்குகள் செடிகொடிகளை அழிக்கலாகாது என்று விநய நூல் விதிக்கிறது. மரம் வெட்டிய பிக்குகளைப் பார்த்து, ஓரறிவுயிரை இவர்கள் வதைக்கிறார்களே என்று மக்கள் பழித்ததே அந்த விதி பிறந்த காரணமாக அந்நூலில் சொல்லப்படுகிறது.

இவர்களில் அரிஸ்டாட்டில் மட்டும், தாவரம் ஏன் உணர்வதில்லை என்பதற்குச் சோதிக்கத்தக்க ஒரு காரணம் காட்டினார். உணர்வது என்றால் ஒரு பொருளின் பருப்பகுதியை விட்டுவிட்டு அதன் வடிவத்தை மட்டும் ஏற்பது. தாவரமும் சூட்டால் சூடாகிறது, குளிரால் குளிர்கிறது. ஆனால் பொருளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. அதனால் அது பாதிக்கப்படுகிறதே தவிர உணர்வதில்லை என்பது அவர் வாதம். உப்பின் மொழியில் இதைக் கேட்டால், உப்பு உள்ளே புகுந்து செல்லைக் கெடுப்பது மட்டுமே நடக்கிறதா, அல்லது உப்பு வந்திருக்கிறது என்ற செய்தி உப்பிலிருந்து பிரிந்து தனியே பயணம் செய்கிறதா என்பதே கேள்வி.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சோடியம் அயனியின் செறிவு ஏறத்தாழ 470 மில்லிமோலார். உயிருள்ள தாவரச் செல்லின் சைட்டோபிளாசத்தில் பொட்டாசியம் ஏறக்குறைய 100 மில்லிமோலார் அளவில் இருக்கும். சோடியம் அதைவிட மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். புரதம் கோக்கும் ரைபோசோம்களும் பல நொதிகளும் பொட்டாசியம் இல்லாமல் இயங்குவதில்லை. சோடியம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வேலையைச் செய்யாமல் நிற்கிறது. செல்சவ்வின் உட்புறம் எதிர்மின்தன்மை உடையது. நேர்மின் சோடியத்தை அது தானாகவே உள்ளிழுக்கிறது. ஆகவே சோடியம் உள்ளே வருவதற்குச் செலவே இல்லை. அதை வெளியேற்றுவதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உப்பின் தாக்குதல் இரண்டு கட்டங்களாக வருகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரானா மன்ஸ் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது வறட்சி. மண்நீரில் உப்பு கூடியதும் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. சில நிமிடங்களிலேயே வளர்ச்சி தளர்கிறது. வயலில் நீர் நிற்கும்போதே பயிர் வாடுவது இதனால்தான். இரண்டாவது, சோடியம் இலைகளில் மெல்ல மெல்லச் சேர்ந்து நஞ்சாவது. இதற்கு நாட்களோ வாரங்களோ பிடிக்கும். முதல் கட்டத்தில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. நீர் இழப்பு குறைகிறது. கரியமில வாயு வரவும் குறைகிறது. ஒளியை வாங்கிய பசுங்கணிகம் அதைச் செலவழிக்க வழியில்லாமல், சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கொடிய ஆக்ஸிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. இவற்றை அணைக்கவென்றே சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் செல்லில் இருக்கின்றன. இதே பெராக்சைடைச் செல் சிறு அளவில் வேண்டுமென்றே உண்டாக்கிச் செய்தி அனுப்பவும் பயன்படுத்துகிறது. நஞ்சும் செய்தியும் இங்கே ஒரே மூலக்கூறுதான். அளவுதான் இரண்டையும் பிரிக்கிறது.

உப்பு வந்ததைச் செல் எப்படி முதலில் உணர்கிறது என்பது நீண்ட காலம் விளங்காமல் இருந்தது. நீர் இழுவிசையின் மாற்றத்தால் திறக்கும் கால்சியம் வாயில் ஒன்றை 2014இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு ஓஎஸ்சிஏ1 என்று பெயர். 2019இல் டியூக் பல்கலைக்கழகத்தின் சென்-மிங் பெய் குழுவினர், செல்சவ்வின் வெளிமுகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைச் சர்க்கரைக் கொழுப்புகளில் சோடியம் நேரடியாக ஒட்டுவதையும், அப்படி ஒட்டியதும் கால்சியம் வாயில்கள் திறப்பதையும் காட்டினார்கள். அந்தக் கொழுப்பை உருவாக்கும் நொதி பழுதான செடிகளுக்கு உப்பு பட்டாலும் கால்சியம் எழும்புவதில்லை. உப்புநிலத்தில் அவை நலிந்துபோகின்றன. ஆனால் இந்த வாயிலில் பொட்டாசியமும் லித்தியமும் கூடக் கால்சியத்தை எழுப்புகின்றன. வேண்டியதையும் வேண்டாததையும் முதல் தொடுதலிலேயே முழுக்கப் பிரித்தறியும் திறன் இங்கே இல்லை. தாவரத்தின் அறிவைப் பெரிதுபடுத்திப் பேசுவோர் இந்த மங்கலையும் நினைவில் வைக்க வேண்டும்.

எழும்பிய கால்சியம் அந்த ஒரு செல்லோடு நிற்பதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சைமன் கில்ராயின் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட சோதனையில், வேர்நுனியில் மட்டும் உப்பு பட்டபோது, நொடிக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு கால்சியம் அலை வேர் வழியே ஏறியது. உப்பே தொடாத தண்டுப்பகுதியில் உப்புக்கு எதிரான மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அரிஸ்டாட்டிலின் காரணம் இந்த இடத்தில் ஆட்டங்காண்கிறது. தண்டைச் சென்றடைந்தது சோடியம் இல்லை; சோடியம் வந்திருக்கிறது என்ற குறி. பருப்பொருளை விட்டுச் செய்தியை மட்டும் ஏற்பதுதான் உணர்தல் என்றால், அவர் வைத்த அளவுகோலாலேயே தாவரம் உணர்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் உற்றறிவு உண்டு என்ற தொல்காப்பிய மரபியலின் கூற்று, இந்த அளவில், சரி என்றே கொள்ள வேண்டும்.

செய்தி வந்த பிறகு நடப்பதை அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியைக் கொண்டு ஜியான்-காங் சூவும் அவர் மாணவர்களும் 1990களின் பிற்பாதியில் படிப்படியாக அவிழ்த்தார்கள். உப்பில் வாடிப்போகும் பழுதுச் செடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்த்ததில் மூன்று புரதங்கள் கிடைத்தன. எஸ்ஓஎஸ்3 கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. அது எஸ்ஓஎஸ்2 என்ற கைனேஸ் நொதியை விழிக்கச் செய்து சவ்வுக்கு இட்டுச்செல்கிறது. எஸ்ஓஎஸ்2, சவ்வில் பதிந்துள்ள எஸ்ஓஎஸ்1 கடத்தியின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தக் கடத்தி, புரோட்டான் ஒன்றை உள்ளே விட்டுச் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அந்தப் புரோட்டான்களை முன்கூட்டியே வெளியே ஏற்றிவைப்பது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை எரித்து ஓடும் இன்னொரு நொதி. இலை ஒளியில் சேர்த்த ஆற்றலின் ஒரு பங்கு இப்படி வாசலைக் காப்பதிலேயே போய்விடுகிறது. உவர் நிலத்தில் பிழைத்த பயிரும் குட்டையாக நிற்பதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். உப்பில்லாத வேளையில் எஸ்ஓஎஸ்2 வேலை செய்யாதபடி வேறு புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தேவையில்லாதபோது செயல்படாமல் இருப்பதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

வெளியே தள்ள முடியாததை உள்ளேயே சிறைவைப்பது இரண்டாம் வழி. முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் வாக்குவோலின் சவ்வில் என்எச்எக்ஸ்1 என்ற கடத்தி இருக்கிறது. எடுவார்டோ புளூம்வால்டின் குழு 1999இல் இதை அரபிடாப்சிஸில் மிகுதியாகச் செயல்படச் செய்தது; 2001இல் அதே கடத்தி மிகுந்த தக்காளிச் செடிகள் 200 மில்லிமோலார் உப்பில் காய்த்தன. உப்பு இலையின் வாக்குவோல்களில் தேங்கியது. பழத்தில் குறைவாகவே இருந்தது. ஆனால் வாக்குவோலில் உப்பு நிறைந்தால் சைட்டோபிளாசத்தின் நீர் அதற்குள் இழுபட்டுவிடும். அதை ஈடுகட்டச் செல், நொதிகளுக்குத் தீங்கு செய்யாத கரைபொருள்களைச் சைட்டோபிளாசத்தில் சேர்க்கிறது. குளுட்டமேட்டிலிருந்து புரோலின் பிறக்கிறது. கோலினிலிருந்து இரண்டு நொதிப்படிகளில் கிளைசின் பீட்டெய்ன் பிறக்கிறது. உமரியும் சதுப்புநில மரமான அலையாத்தியும் பீட்டெய்னைத் தாராளமாகச் சேர்க்கின்றன. நெல் சேர்ப்பதில்லை, முதல் படிக்கான நொதி அதில் சரியாக இயங்குவதில்லை. இரண்டு கரைபொருளிலும் நைட்ரஜன் இருக்கிறது என்பதால், ஊட்டம் குறைந்த உவர் மண்ணில் இதுவும் கனமான செலவே.

இந்த விவரங்கள் அனைத்திலும் மெய்யியலுக்கு மிக நெருக்கமானது 1972இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு. உப்பில் வளரும் செடியின் நொதிகள் உப்பைத் தாங்குமாறு அமைந்தவையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. டிமோதி ஃபிளவர்ஸ் சுவேடா மாரிட்டிமாவின் நொதிகளைப் பிரித்தெடுத்து உப்பில் இட்டுப் பார்த்தார். ராமநாதபுரம் கரையில் உமரி என்று வழங்கும் செடிகளின் இனம் அது. அதே ஆண்டு கிரீன்வேயும் ஆஸ்மண்டும் உப்பை விரும்பும் செடிகளின் நொதிகளையும் அவரையின் நொதிகளையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். உப்பு இரண்டு தரப்பு நொதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் முடக்கியது. உமரியின் உள்ளே இருக்கும் பொருள் அவரையின் உள்ளே இருக்கும் பொருளைவிட உரமானது அல்ல. உமரி உப்பைத் தாங்குகிறது என்றால், அதன் மென்மையான உட்பகுதி உப்பைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளும் ஓயாத ஒழுங்கு அதற்கு இருக்கிறது என்றே பொருள். துன்பத்தைத் தாங்குதல் பற்றிச் சமயங்கள் பேசும்போது, தாங்குபவரின் பொருளே வேறு என்று எண்ணும் வழக்கம் உண்டு. அடியார் வேறு மண்ணால் ஆனவர் என்பதுபோல. கடலோரச் செடி காட்டும் தாங்குதல் அப்படிப்பட்டதல்ல.

ஒழுங்கு என்று சொன்னதை உறுப்புகள் அளவிலும் பார்க்கலாம். வேரின் நடுப்பகுதிச் செல்களில் எச்கேடி1 வகைக் கடத்திகள், நீர்க்குழாயான சைலத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சி வேரிலேயே நிறுத்துகின்றன. நோனா போக்ரா என்ற உப்புதாங்கும் நெல்லில் இத்தகைய மரபணு ஒன்று 2005இல் அடையாளம் காணப்பட்டது. கேரளத்தின் பொக்காளி நெல்லின் திறனுக்குக் காரணமான குரோமோசோம் பகுதியும் இதையே உள்ளடக்கியது. 2009இல் ஒரு குழு இந்தக் கடத்தியை அரபிடாப்சிஸ் வேரின் நடுச்செல்களில் மட்டும் மிகுதியாக்கியபோது செடி உப்பைத் தாங்கியது. உடம்பு முழுதும் மிகுதியாக்கினால் நேர்மாறாகச் செடி நலிகிறது. எந்தச் செல் எதைச் செய்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அலையாத்தி தன் இலைகளிலுள்ள உப்புச் சுரப்பிகளால் உப்பை வெளியே கசியவிடுகிறது. மாவட்டத்தின் வடக்கே காரங்காட்டுக் கழியில் அந்த இலையை நக்கிப் பார்ப்பவருக்கு உப்பு கரிக்கும். வேறு பல செடிகளில் முதிர்ந்த இலைகளில் உப்பு மிகுதியாகச் சேர்ந்து, அவை உதிர்ந்துவிடுகின்றன, இளந்தளிர் பிழைக்கிறது.

உப்பில்லாப் பக்கம் வேர் வளைந்து செல்வதும் 2013இல் உறுதிப்பட்டது. ஒருமுறை மிதமான உப்பைக் கண்ட நாற்று, பின்னர் வரும் வறட்சியை மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கிறது என்பதும் அதே ஆண்டில் வெளியானது. மரபணுவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் பதிந்த வேதிக்குறிகள் அந்த முன்னனுபவத்தைத் தாங்கி நின்றன. உணர்தல், பிரித்தறிதல், விலகுதல், நினைவில் கொள்ளல் ஆகிய நான்கும் இப்படிச் செல் அளவிலேயே காணக்கிடைக்கின்றன.

இவ்வளவும் அறிவுதானா என்று மறுப்பவரின் வாதம் வலுவானது. இஸ்திரிப் பெட்டியும் சூடு மிஞ்சினால் தானே நின்றுவிடுகிறது. அதற்கு அறிவு உண்டு என்று யாரும் சொல்வதில்லை. ஜகதீச சந்திர போஸ் 1902இல் வெளியிட்ட நூலில் உலோகங்களும் தூண்டலுக்கு எதிர்வினை காட்டி, ‘களைத்து’ மீள்வதைப் பதிவு செய்தார். உயிருள்ளதும் இல்லாததும் ஒன்றே என்ற ஒருமைக்கு அவர் அதைச் சான்றாகக் கொண்டார். அதே சான்றைத் திருப்பிப் போட்டு, எதிர்வினை இருப்பதாலேயே உணர்வு இருப்பதாகாது என்றும் வாதிடலாம். 2006இல் தாவர நரம்பியல் என்ற பெயரில் ஒரு துறை முன்மொழியப்பட்டது. மறு ஆண்டே 36 தாவர அறிவியலாளர்கள் கூட்டாக மறுப்பு எழுதினார்கள். 2019இல் லிங்கன் டைஸும் பிறரும், தாவரத்துக்கு உணர்வுநிலை இல்லை, அதற்கு அது தேவையுமில்லை என்று விரிவாக வாதிட்டார்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கும் உமரிக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பெட்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் பெட்டிக்கு ஒன்றுமில்லை. துணிக்குச் சொந்தக்காரருக்குத்தான் இழப்பு. செல்லின் சோடியம் வாயில் பழுதானால் செல்லே இல்லாமற்போகும். அந்த எதிர்வினைக்கு ஒரு நன்மை தீமை உண்டு. அது எதிர்வினை செய்யும் பொருளுக்கே உரிய நன்மை தீமை. அறிவு என்பதன் மிகக் குறைந்த அளவாவது இதில் இருக்கிறது என்று கொள்வது நியாயம். இதிலிருந்து வலி என்ற அனுபவத்துக்குத் தாவுவது நியாயமல்ல. கால்சியம் அலை ஏறுகிறது என்பது தெரியும். அந்த அலையை எதுவோ துன்பமாக அனுபவிக்கிறது என்று காட்டும் சான்று எதுவும் கிடையாது. மனு நூலின் கூற்றை உயிர்வேதியியலின் பேரால் நிறுவ முயல்வோர் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் இதே இடைவெளியை வேறுவிதமாக எதிர்கொள்கிறது. தாவரம் ஏழு வகைப் பிறப்புகளில் ஒன்று. அதிலுள்ள உயிரும் மனித உயிரும் தன்மையால் ஒன்றே. வேறுபடுவது கருவிகள். உடம்பும் பொறிகளும் மாயையின் ஆக்கம், அவை சடம்; தாமாக அறியா. உயிர் அவற்றைச் சார்ந்தே அறிகிறது. இந்தப் பார்வையில் எஸ்ஓஎஸ்2 நொதியைப் பற்றி எவ்வளவு விரிவாகத் தெரிந்தாலும் அது கருவியைப் பற்றிய அறிவே. பொருளைத் தவிர வேறில்லை என்னும் உலகாயதர் இதற்கு நேரெதிராக, கருவிகளின் சேர்க்கையே போதும், அப்பால் ஒருவர் வேண்டியதில்லை என்பார்கள். சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அலையாத்தியின் சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் மரபணுவை நெல்லில் புகுத்தி, அந்நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்குவதை 2008இல் காட்டினார்கள். ஒரு செடியின் திறன் இன்னொரு செடிக்கு மாறியது. சித்தாந்தி இதைக் கருவி மாறியதாகவும், உலகாயதர் மாறுவதற்குக் கருவியைத் தவிர வேறில்லை என்பதாகவும் படிப்பார். சோதனை இருவருக்கும் இடம் தருகிறது.

புதுமடத்து மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் இஸ்லாத்தின் நிலை இங்கே தனித்துக் குறிப்பிடத்தக்கது. இப்னு சீனாவின் மெய்யியல் தாவரத்துக்கு உணர்வை மறுத்தாலும், வானங்களிலும் பூமியிலும் உள்ள எல்லாமே இறைவனைத் துதிக்கின்றன, அந்தத் துதி மனிதருக்கு விளங்குவதில்லை என்பது குர்ஆனின் போதனை. தாவரத்தின் உள்நிலை மனித அறிவுக்கு எட்டாதது என்ற அடக்கம் அதில் இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டு என்ற உறுதியும் இருக்கிறது. அறிவு இருந்தால்தான் மதிப்பு என்ற நிபந்தனையை இது வைக்கவில்லை.

தாவரம் அறிகிறது என்று கொண்டால், அறிவது எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மூளை போன்ற ஒரு நடு இடம் அங்கே இல்லை. வேர்நுனிச் செல் உணர்கிறது, நடுச்செல் தடுக்கிறது, இலைச்செல் சிறைவைக்கிறது, முதிர்ந்த இலை உதிர்கிறது. இவற்றை எல்லாம் ஒரே உயிரின் செயலாகக் கருத வேண்டுமா, பல உயிர்கள் ஒரே உடம்பில் கூடி வாழ்வதாகக் கருத வேண்டுமா? சமணம் இந்தக் கேள்வியை எழுப்பி, தாவரங்களை இரண்டாகப் பிரித்தது. ஓர் உடம்புக்கு ஓர் உயிர் உள்ளவை ஒரு வகை. ஒரே உடம்பை எண்ணற்ற உயிர்கள் பொதுவாகக் கொண்டவை மறு வகை. கிழங்குகளை இரண்டாம் வகையில் சேர்த்து, அவற்றை உண்ணாமல் விலக்கியது. உப்பைப் பற்றிய ஆய்வு இந்தப் பிரிவை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. ஆனால் உணரும் இடமும் செயல்படும் இடமும் தனித்தனியே இருந்து, கால்சியமும் அப்சிசிக் அமிலமும் இடையில் ஓடுவதால் மட்டுமே செடி ஒன்றாக இயங்குகிறது என்று அது காட்டுகிறது. ஒரு செடியை ஓர் உயிர் என்று எண்ணுவதும் பல என்று எண்ணுவதும், இந்த இணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தால் ஒருமை என்று ஏற்கலாம் என்ற முடிவைப் பொறுத்தது.